பேச்சிழந்த படைப்புயிர்: ‘பிராங்கன்ஸ்டைன்’ (1931) திரைப்படம் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

‘பித்துப் பிடித்த அறிவியலாளர்’ என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. இடி முழங்கும் இரவு, ஒதுக்குப்புறமான கற்கோபுரம், பொறி பறக்கும் மின்கருவிகள், கூன் விழுந்த உதவியாளன், மேசைமீது துணியால் மூடப்பட்ட ஓர் உடல். கேலிச்சித்திரங்களிலும் விளம்பரங்களிலும் சிறுவர்க்கான படக்கதைகளிலும் இக்காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இதனை இவ்வடிவில் உலகிற்கு வழங்கியது, அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் 1931ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் திரைப்படமாகும். ஜேம்ஸ் வேல் இயக்கிய இப்படம் ஒன்றேகால் மணிநேரம்கூட ஓடுவதில்லை.

இப்படத்திற்கு மூலமாகிய மேரி ஷெல்லியின் புதினத்தைப் படிக்காதவர்களும் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் சொல்லை அறிவர். பெரும்பாலோர் அதனைப் படைக்கப்பட்ட உயிரின் பெயராகவே கொள்கின்றனர். உண்மையில் அது படைத்தவனின் குடும்பப் பெயர். படைக்கப்பட்டதற்குப் புதினத்திலும் பெயரில்லை, படத்திலும் பெயரில்லை. அப்பெயரில்லாத ஒன்றைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது என்பதே முதற்சிக்கல். ‘பேய்’ என்றால் இறந்தவரின் ஆவி என்று பொருள்படும். ‘பூதம்’ என்றால் இயற்கையை மீறிய ஆற்றல் ஒன்று நினைவுக்கு வரும். ‘அரக்கன்’ என்றால் தீமை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிடும். எனவே இக்கட்டுரையில் ‘படைப்புயிர்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அது தீயதா, அன்றா என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாதலின், விடையைச் சொல்லிலேயே அடக்கிவிடுதல் முறையன்று.

புதினத்திலிருந்து திரைக்கு

மேரி ஷெல்லி 1816ஆம் ஆண்டு கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது இக்கதையை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. நூல் 1818ஆம் ஆண்டு சனவரியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1831இல் வந்தது. புதினத்தின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. வடதுருவக் கடலில் செல்லும் வால்டன் என்பவனின் மடல்கள் வெளி அடுக்கு. அவனிடம் விக்டர் பிராங்கன்ஸ்டைன் கூறும் தன் வரலாறு இடை அடுக்கு. அதற்குள் படைப்புயிர் தானே தன் வரலாற்றைக் கூறும் பகுதி உள் அடுக்கு. நூலின் நடுவில் இருப்பது படைப்புயிரின் குரலே.

தொல்காப்பிய மரபியல், சுருக்கியும் விரித்தும் அவ்விரண்டையும் கலந்தும் மொழிபெயர்த்தும் வழிநூல் அமையலாம் என்று நான்கு வகை காட்டும். 1931ஆம் ஆண்டுப் படம் இவற்றுள் எதிலும் எளிதில் அடங்காது. அது முதல்நூலின் நேரடி வழிநூலன்று, வழிநூல்களின் வழிநூல். இடையில் ஒரு நூற்றாண்டுக் கால மேடை மரபு நிற்கிறது.

1823ஆம் ஆண்டு இலண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவரின் நாடகம் அரங்கேறியது. படைப்புயிர் பேசாத பாத்திரமாக்கப்பட்டது அந்நாடகத்தில்தான். சைகையாலும் உடலசைவாலும் உணர்ச்சியைக் காட்டும் ஊமைப் பாத்திரங்கள் அக்கால உணர்ச்சி நாடகங்களுக்கு வழக்கமானவை. ஃபிரிட்ஸ் என்னும் உதவியாளனும் அந்நாடகத்தின் புனைவே. புதினத்தில் விக்டருக்கு உதவியாளன் எவனும் இல்லை. நாடக விளம்பரத் தாளில் படைப்புயிரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கோடு இடப்பட்டிருந்தது. நாடகத்தை நேரில் கண்ட மேரி ஷெல்லிக்கு இவ்வுத்தி பிடித்திருந்தது. 108 ஆண்டுகளுக்குப் பின் வந்த திரைப்படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலும் அவ்விடத்தில் ஒரு வினாக்குறியை மட்டுமே இடுகிறது. நடிகரின் பெயர் படத்தின் இறுதிப் பட்டியலில்தான் வெளிப்படுகிறது.

அதே தொடக்கப் பட்டியலில் மூலநூலாசிரியரின் பெயர் ‘திருமதி பெர்சி பி. ஷெல்லி’ என்று கணவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது. பெயரின்மையைப் பற்றிய கதைக்கு இது தற்செயலாக அமைந்த ஒரு துணைச்சான்று எனலாம்.

1910இல் எடிசன் நிறுவனம் ஒரு குறும்படம் எடுத்தது. 1927இல் பெக்கி வெப்ளிங் எழுதிய நாடகத்தையும், அதனை ஜான் பால்டர்ஸ்டன் திருத்தியமைத்த வடிவத்தையும் யுனிவர்சல் நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது. படத்தில் அறிவியலாளன் ஹென்றியாகவும் அவன் நண்பன் விக்டராகவும் பெயர் மாறி நிற்பது வெப்ளிங்கின் நாடகத்தைப் பின்பற்றியதாகும். 1931 பிப்ரவரியில் வெளிவந்த ‘டிராகுலா’ பெற்ற வெற்றியே இப்படத்திற்குத் தூண்டுகோல். முதலில் இயக்குநராக எண்ணப்பட்ட ராபர்ட் ஃபுளோரி விலக்கப்பட்டு, ஜேம்ஸ் வேல் அமர்த்தப்பட்டார்.

வேல் ஆங்கிலேயர், முதல் உலகப்போரில் படையதிகாரியாகப் பணியாற்றிச் செருமானியரிடம் சிறைப்பட்டவர். பதுங்குகுழி வாழ்வைக் காட்டும் ‘பயணத்தின் முடிவு’ என்னும் நாடகத்தை மேடையேற்றி, 1930இல் திரைப்படமாகவும் எடுத்துப் புகழ்பெற்றவர். அதில் படைத்தலைவனாக நடித்த காலின் கிளைவையே இங்கு ஹென்றியாக நடிக்க வைத்தார். நரம்புகள் முறுக்கேறிய, உறக்கமிழந்த மனிதனைக் காட்டக் கிளைவுக்கு ஒப்பனை மிகுதியும் தேவைப்படவில்லை. போரில் சிதைந்து மருத்துவரால் ஒட்டுப்போடப்பட்ட முகங்களை அன்றைய பார்வையாளர் தெருவிலேயே கண்டிருப்பர். தையலிட்ட நெற்றியுடன் திரையில் தோன்றிய உருவம் அவர்களுக்கு முற்றிலும் கற்பனையானதாக இருந்திருக்க முடியாது.

உருவமும் ஒலியும்

படைப்புயிராக நடித்த போரிஸ் கார்லோஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887இல் இலண்டனில் பிறந்த அவர், இந்தியத் தொடர்புடைய குடும்பத்தவர். தந்தை இந்திய உப்பு வரித்துறையில் பணியாற்றியவர். தாய்வழிப் பாட்டியின் தங்கை அன்னா லியோனவன்ஸ், சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து, பின்னர் ‘மன்னரும் நானும்’ என்னும் இசைநாடகத்தின் நாயகியாக்கப்பட்டவர். அவ்வம்மையார் சயாமுக்குச் செல்லுமுன் சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்தினார். அவர்தம் கணவர் 1859இல் பினாங்கில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் வட்டார வரலாற்றில் ஆர்வமுடையோர்க்காக இதனைக் குறிப்பிட்டேன். நம் பொருளுக்கு மீள்வோம்.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் செலவிட்டு அவ்வுருவத்தை உருவாக்கினார். தட்டையான உச்சந்தலைக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்: மூளையை உள்ளே வைக்க விரும்பும் ஒருவன் மண்டையோட்டை மூடிபோல் திறந்து மூடுவான் அன்றோ? கழுத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பவை பலர் கருதுவதுபோல் திருகாணிகள் அல்ல. மின்சாரம் பாய்வதற்கான முனைகள். கண்ணிமைகள்மீது மெழுகு பூசப்பட்டதால் பார்வை பாதி மூடியதாய், அப்போதுதான் விழித்த ஒருவரின் பார்வையாய் அமைந்தது.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். புதினத்தில் உயிரூட்டும் முறை விளக்கப்படுவதில்லை. விக்டர் அதனை வேண்டுமென்றே மறைக்கிறான். ஆயினும் தவளைக் கால்களைக்கொண்டு லூயிஜி கால்வானி செய்த ஆய்வுகளும், 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் ஜியோவானி ஆல்டினி மின்சாரம் பாய்ச்சிக் காட்டிய நிகழ்ச்சியும் அத்தலைமுறையினர் அறிந்தவை. புதினம் மறைத்ததைப் படம் காட்சியாக்கியது. கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் அமைத்த மின்கருவிகள் உண்மையிலேயே பொறி கக்கின. 1931இல் பேசும்படம் இன்னும் இளம்பருவத்தில் இருந்தது. விழாக் காட்சியில் ஊரார் ஆடும் இசை நீங்கலாக இப்படத்தினுள் பின்னணி இசை இல்லை. இடியும் மின்கருவிகளின் வெடிப்பொலியும் காலடி ஓசையும் அவ்வெறுமையில் பெருகி ஒலிக்கின்றன. இன்று காணும் மாணவர்க்கு இவ்வமைதி முதலில் குறையாகத் தோன்றலாம்.

குற்றமூளை என்னும் விளக்கம்

படத்தின் அடிப்படைச் சிக்கல் மூளையைப் பற்றியது. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வால்ட்மன் இரு கண்ணாடிக் குடுவைகளைக் காட்டி விரிவுரை ஆற்றுகிறார். ஒன்றில் இயல்பான மூளை, மற்றதில் குற்றவாளியின் மூளை. முன்மடலின் மடிப்புக் குறைவையும் சிதைவையும் சுட்டி, அவனது கொடிய வாழ்க்கைக்கு அதுவே காரணம் என்கிறார். விரிவுரை முடிந்தபின் ஃபிரிட்ஸ் திருட வருகிறான். நல்ல மூளையை எடுக்கிறான். திடீரெனக் கேட்ட ஓசையால் அதிர்ந்து அதனைக் கீழே போட்டுவிடுகிறான். மற்றதை எடுத்துச் செல்கிறான்.

இந்நிகழ்ச்சி புதினத்தில் இல்லை. புதினத்தின் படைப்புயிர் பிறப்பால் தீயதன்று. தன்னைப் படைத்தவனாலும் மனிதர் அனைவராலும் வெறுக்கப்பட்டதால் கொலையை நாடுகிறது. அதன் வாதத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அது ஒரு வாதம். படமோ அவ்வாதத்தை நீக்கி, அவ்விடத்தில் ஒரு குடுவையை வைக்கிறது. குற்றம் உடலமைப்பில் பதிந்திருக்கிறது என்னும் இக்கருத்து 1931ஆம் ஆண்டுப் பார்வையாளர்க்குப் புதியதன்று. இத்தாலியரான செசாரே லொம்புரோசோ 1876இலேயே பிறவிக் குற்றவாளிக் கொள்கையை நூலாக வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் அக்கருத்து சட்டமாகவும் மாறியது. 1927ஆம் ஆண்டு பக் எதிர் பெல் வழக்கில், மனவளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்டவர்க்கு அவர்தம் இசைவின்றியே கருத்தடை செய்ய இடமளித்த வர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பிறகு வால்ட்மனின் விரிவுரை திரையில் ஒலித்தது. எனவே அக்குடுவைக் காட்சியைப் பொழுதுபோக்குப் படத்தின் வேடிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. வகுப்பில் இப்படத்தைக் காட்டுவோர் இவ்விடத்தில் நிறுத்திப் பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இனி, படம் தன் விளக்கத்தைத் தானே நம்புகிறதா என்று காண்போம். மூளை குற்றவாளியினுடையது என்று வால்ட்மன் சொல்லும்போது ஹென்றி ஒரு கணம் அதிர்ந்து, பின்னர் அது வெறும் இறந்த திசுதானே என்று தள்ளிவிடுகிறான். அறியாமையால் அவ்வாறு சொல்கிறான் என்று கொள்ளலாம். ஆனால் அடுத்துவரும் காட்சிகள் அவன் பக்கமே நிற்கின்றன.

படைப்புயிர் முதன்முதலில் தோன்றும் காட்சியை நோக்குக. கதவு திறக்கிறது, அது பின்புறம் காட்டி உள்ளே வருகிறது, மெல்லத் திரும்புகிறது, ஒளிப்பதிவுக் கருவி அடுத்தடுத்த அண்மைக் காட்சிகளில் அம்முகத்தை நெருங்குகிறது. அச்சமூட்டும் தொடக்கம்தான். உடனே ஹென்றி அதனை அமரச் சொல்கிறான், அமர்கிறது. கூரையின் திறப்பை நீக்குகிறான். மேலிருந்து ஒளி விழுகிறது. அது தலையை உயர்த்துகிறது, எழுகிறது, இரு கைகளையும் ஒளியை நோக்கி நீட்டுகிறது. பிடிக்க முடியாத ஒன்றைப் பிடிக்க முயலும் குழந்தையின் கைகள் அவை. ஒளியை மூடிவிடுமாறு வால்ட்மன் கூற, ஹென்றி மூடுகிறான். கைகள் இப்போது ஹென்றியை நோக்கித் திரும்புகின்றன, கேட்கின்றன, விடை இல்லை. அவ்வேளை ஃபிரிட்ஸ் தீப்பந்தத்துடன் ஓடிவருகிறான். படைப்புயிர் அலறுகிறது. அதன் அச்சத்தைத் தாக்குதல் என்று பிழைபடக் கருதி மூவரும் அதனைக் கட்டி நிலவறையில் சங்கிலியால் பிணைக்கின்றனர்.

புதினத்தில் விக்டர் உயிர் வந்த அக்கணமே அருவருத்து ஓடுகிறான். படத்தில் ஹென்றி மகிழ்ச்சியால் கூவுகிறான். கைவிடுதல் பின்னர்ச் சிறிது சிறிதாக நிகழ்கிறது. இம்மாற்றம் புதினத்தைவிடக் கொடியது என்றே எனக்குப் படுகிறது. ஒளியைக் காட்டியபின் மூடுபவன் அவன்.

கொலைகளையும் எண்ணிப் பார்க்கலாம். தீப்பந்தத்தாலும் சவுக்காலும் நிலவறையில் வதைத்த ஃபிரிட்ஸ் முதலில் இறக்கிறான். மயக்கமருந்து கொடுத்து, உயிருடன் இருக்கும் உடலை அறுத்துப் பிரிக்க முற்பட்ட வால்ட்மன் அடுத்து இறக்கிறார். மூன்றாவது இறப்பு ஏரிக்கரைச் சிறுமி மரியாவினுடையது. படைப்புயிரைக் கண்டு அஞ்சாத ஒரே மனித உயிர் அவள். இருவரும் பூக்களை நீரில் எறிந்து மிதக்கவிடுகின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கி நீரில் போடுகிறது. மூழ்கிவிட்டாள் என்றறிந்து கலங்கி ஓடுகிறது. இம்மூன்றில் எதனை விளக்கக் குற்றவாளியின் மூளை வேண்டும்? முதல் இரண்டிற்குத் தற்காப்புப் போதும்; மூன்றாவதற்கு அறியாமை போதும். உரையாடல் கூறும் காரணம் ஒன்று, காட்சி காட்டும் காரணம் வேறு.

மரியா காட்சிக்கு நேர்ந்தது தனியே சொல்லத்தக்கது. தணிக்கை காரணமாக அது வெட்டப்பட்டது. படைப்புயிர் சிறுமியை நோக்கிக் கைநீட்டும் இடத்தில் காட்சி முடிந்தது. அடுத்து, தந்தை அவள் உடலைச் சுமந்து ஊருக்குள் நடந்துவரும் காட்சி வந்தது. இடையில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்வையாளரே கற்பித்துக்கொள்ள நேர்ந்தது. கற்பித்தது உண்மையில் நிகழ்ந்ததைவிடக் கொடியதாக இருந்தது. கொடுமையை மறைக்கச் செய்த வெட்டு, அறியாமையைக் கொடுமையாக்கிவிட்டது. கடவுளாக இருப்பது எத்தகையது என்று இப்போது தனக்குத் தெரியும் என ஹென்றி கூவும் தொடரும் 1930களின் பிற்பகுதியில் மறுவெளியீட்டின்போது நீக்கப்பட்டது. இவை இரண்டும் 1980களில்தான் மீட்டு இணைக்கப்பட்டன. ஆக, ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் உலகம் கண்டது படைத்தவனின் ஆணவம் குறைக்கப்பட்டு, படைக்கப்பட்டதன் தீமை கூட்டப்பட்ட ஒரு படத்தையே.

ஆய்வகம் இருந்த இடம்

ஹென்றியைப் ‘பித்தன்’ என்பது பொருந்துமா? படத்தில் பிறர் அவனை அவ்வாறு அழைக்கின்றனர். அவனும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறான். ஆனால் அவன் ஆய்வை விட்டு நீங்கியபின் இயல்பான மணமகனாகிவிடுகிறான். அவன் பித்தினும் முதன்மையானது அவனது ஆய்வகம் இருந்த இடம். அவன் கேட்ட மனித உடல்களைக் கல்லூரி தர மறுத்ததால் வெளியேறி, கைவிடப்பட்ட காவற்கோபுரம் ஒன்றில் தனித்து உழைக்கிறான். அங்கே வினாக் கேட்பார் இல்லை, மறுப்பார் இல்லை. வால்ட்மன் வரும்போது ஆய்வு முடிந்துவிட்டது.

2018ஆம் ஆண்டு நவம்பரில், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துள்ளனர் என்று சீன அறிவியலாளர் ஹெ ஜியான்குயி அறிவித்தபோது பலரும் ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் சொல்லையே நாடினர். 2019 திசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வொப்புமையில் பொருந்துவது செயற்கை உயிர் என்னும் அச்சமன்று. மறைவில் நடந்த ஆய்வு என்பதே. மேலும், பிறந்த குழந்தைகளை அச்சொல்லால் சுட்டுவது எத்துணைப் பெரிய அநீதி என்பதும் எண்ணத்தக்கது. பெயர் படைத்தவனிடமிருந்து படைக்கப்பட்டதற்குத் தாவிவிட்டதன் விளைவு இது.

மொழி பறிக்கப்படுதல்

மொழியாசிரியராகிய நமக்கு இப்படத்தில் மிகுதியும் உரியது இப்பகுதியே. புதினத்தின் படைப்புயிர் ஒரு குடிசையின் பக்கத்தில் மறைந்திருந்து, டி லேசி குடும்பத்தினர் பேசுவதைக் கேட்டு மொழி கற்கிறது. தீ, பால், ரொட்டி, விறகு எனப் பொருட்பெயர்களில் தொடங்கி, உறவுப் பெயர்களை அறிந்து, பின் உணர்ச்சிச் சொற்களின் பொருளைத் தேடித் தவிக்கிறது. அக்குடும்பத்தினர் ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்கு மொழி கற்பிப்பதை மறைவிலிருந்தே தானும் கற்கிறது. பின்னர் மில்டனின் காப்பியத்தையும் புளூட்டார்க்கின் வரலாறுகளையும் கதேயின் வெர்தர் கதையையும் படிக்கிறது. இரண்டாம்மொழி கற்றலைப் பற்றி எழுதப்பட்ட புனைவுகளில் இதற்கு இணையானவை மிகச் சில. கற்ற மொழியால்தான் அது பனிமலையில் தன்னைப் படைத்தவனை எதிர்நின்று கேள்வி கேட்கிறது. கண்பார்வையற்ற முதியவர் டி லேசி மட்டுமே அதன் பேச்சை முகத்தின் குறுக்கீடின்றிக் கேட்கிறார்.

1931ஆம் ஆண்டுப் படம் இவை அனைத்தையும் விலக்கியது. படைப்புயிருக்கு முனகலும் உறுமலும் மட்டுமே. கார்லோஃபின் கைகளும் கண்களும் சொல்வதைக் காண்போர் உணர்கின்றனர். ஆனால் கதைக்குள் இருக்கும் மாந்தருள் அதனைக் கேட்பார் மரியாவைத் தவிர எவருமிலர். பேச முடியாத உயிரைப் பற்றி வால்ட்மன் விரிவுரை ஆற்றுகிறார். ஊரார் முடிவு செய்கின்றனர். தீப்பந்தங்களுடன் துரத்திக் காற்றாலையோடு எரிக்கின்றனர். ஒளிக் காட்சியையும் ஏரிக்கரைக் காட்சியையும் மாணவர்க்கு ஒலியின்றிக் காட்டி, படைப்புயிர் பேசுவதாக ஒரு பத்தி எழுதப் பணிக்கலாம். உயர்நிலை மாணவர்க்கு இது தன்மைக் கூற்றுப் பயிற்சியாகவும் அமையும்.

வேல் இக்குறையை உணர்ந்திருந்தார் போலும். 1935இல் அவரே இயக்கிய ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ என்னும் தொடர்ச்சிப் படத்தில் மேரி ஷெல்லியே ஒரு பாத்திரமாகத் தோன்றிக் கதையைத் தொடங்கிவைக்கிறார். காட்டில் தனித்து வாழும் கண்பார்வையற்ற துறவி ஒருவர் படைப்புயிரை வரவேற்று, ரொட்டி, நண்பன், நல்லது, கெட்டது எனச் சொல் சொல்லாகக் கற்பிக்கிறார். புதினத்தின் டி லேசி வேறு வடிவில் மீள்கிறார். வழிதவறி வந்த வேட்டைக்காரர்கள் அப்பாடத்தை இடையிலேயே முறிக்கின்றனர். தான் நடித்த படைப்புயிருக்குப் பேச்சு கொடுத்ததைக் கார்லோஃப் விரும்பவில்லை; அதன் ஆற்றல் மௌனத்தில் இருந்தது என்பது அவர் எண்ணம். நடிகர் என்ற நிலையில் அவர் கூறியதில் நியாயம் உண்டு. கதையின் நியாயம் வேறு. 1939இல் வேறோர் இயக்குநரின் கையில் ‘பிராங்கன்ஸ்டைனின் மகன்’ வெளிவந்தது. கார்லோஃப் அவ்வேடத்தை ஏற்ற மூன்றாம் படம் அது. அதில் படைப்புயிர் மீண்டும் ஊமையாக இருக்கிறது. கற்ற சொற்கள் என்னவாயின என்பதற்கு அப்படம் விளக்கம் எதுவும் தருவதில்லை.